ஏழாவது வினா: நம் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும் நம் பிள்ளைகளிடம் கேட்கப்படும் கேள்விகளும்



இந்தப் பேருரை யாருடைய நினைவில் ஆண்டுதோறும் நடக்கிறதோ அந்தத் தோழரைப் பற்றி நீண்ட புகழுரை வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அவருக்கே அது பிடிக்காது. அறிவொளிக் காலத்தில் அரிக்கேன் விளக்கோடு சேரிக்குச் சேரி போனவர், பிறகு தன் வீட்டுத் திண்ணையிலேயே மாலைப் படிப்பகம் நடத்தியவர் என்பது இங்கே இருக்கும் பலருக்கும் தெரியும். அந்தத் திண்ணையில் படித்தவர்களும், பின்னால் அங்கே போய்ச் சொல்லிக்கொடுத்தவர்களுமாகச் சிலர் சேர்ந்துதான் இந்த உரையை எழுதியிருக்கிறோம். அதனால்தான் இதில் ‘நான்’ கிடையாது.

அவர் பாடம் நடத்தி நாங்கள் பார்த்தது குறைவு. பிள்ளைகள் கேட்பதை ஒரு 40 பக்க நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். என்ன கேட்டார்கள், என்றைக்குக் கேட்டார்கள், நாம் என்ன சொன்னோம் என்று மூன்று பத்தி. மூன்றாவது பத்தி பல நாள் காலியாகவே கிடக்கும். அவர் போன பிறகும் நாங்கள் நோட்டை நிறுத்தவில்லை. சிறு பிள்ளைகள் எப்படிக் கேட்டுக் கேட்டுக் கற்கிறார்கள், நம் பிள்ளைகள் எந்த இடத்தில் கேட்பதை நிறுத்துகிறார்கள் என்பதை அந்த நோட்டுகளை வைத்தே பேசலாம் என்று நினைக்கிறோம்.

ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறோம். மூன்றாம் வகுப்புப் பையன் கேட்டது: “பறையக் காய்ச்சுனா ஏஞ் சார் சத்தம் கூடுது?”

அவன் இதை முதலில் கேட்டது பள்ளியில். ஒலி எப்படிப் பிறக்கிறது என்று பாடம் நடந்துகொண்டிருந்தது. ‘அதிர்வு’ என்ற சொல் கரும்பலகையில் இருந்தது. அந்தப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வியை அந்த வகுப்பில் வேறு யாரும் கேட்டிருக்க முடியாது. வகுப்பு சிரித்தது. ஆசிரியர் திட்டவில்லை, அடிக்கவில்லை. “அதெல்லாம் இங்க வேணாம், உக்காரு” என்றார். அவ்வளவுதான். எந்தப் பள்ளி என்பதை நாங்கள் சொல்லப்போவதில்லை. உங்களில் பாதிப்பேர் ‘நம்ம பள்ளிக்கூடந்தான்’ என்று நினைத்திருப்பீர்கள்.

மாலையில் திண்ணையில் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டான். தோழருக்கும் சரியான விளக்கம் தெரியவில்லை. “எனக்குத் தெரியலடா. யாருக்குத் தெரியும்?” என்றார். “எங்க தாத்தாவுக்கு.” தாத்தாவைக் கூப்பிட்டு வந்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாகப் பாடம் சொல்லித்தரக் கூப்பிடப்பட்ட அந்தப் பெரியவர் கொஞ்ச நேரம் கூச்சப்பட்டு நின்றார். பிறகு சொன்னார்: “ஈரம் ஏறுனா தோலு தொங்கிரும். சூடு காட்டுனா விறைக்கும். விறைச்சாத்தான் பேசும்.”

இதற்கு மேல் அறிவியல் புத்தகம் சொல்வது கொஞ்சம்தான். தோல் என்பது நுண்ணிய நார்களின் பின்னல். காற்றில் இருக்கும் ஈரத்தை அந்த நார்கள் குடித்துக்கொண்டு ஊறித் தளர்கின்றன. வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டும்போது ஈரம் ஆவியாகிப் போகிறது. நார்கள் சுருங்குகின்றன. ஆனால் தோலின் ஓரம் மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. ஓரம் நகர முடியாததால், சுருங்க நினைக்கும் தோல் எல்லாப் பக்கமும் இழுபட்டு நிற்கிறது. இழுவிசை கூடினால் அதிர்வு வேகமாகும், ஒலி உயரும், தூரத்துக்குக் கேட்கும். வீணைத் தந்தியை முறுக்குவதும் இதே கணக்குதான். பாடப் புத்தகத்தில் வீணை வந்துவிடுகிறது, வைக்கோல் நெருப்பு வருவதில்லை. (பறை நமக்கு வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் நம் அமைப்புகளுக்குள் இன்னும் முடியவில்லை என்பது தெரியும். அதை இன்று இங்கே தீர்க்கப்போவதில்லை.)

அன்றைக்கு நோட்டில் அடுத்தடுத்து வந்த கேள்விகள் இவை. பேண்டு செட்டு டிரம்முக்கு ஏன் யாரும் நெருப்புக் காட்டுவதில்லை? மழை பெய்யும்போது சாவு விழுந்தால் என்ன செய்வீங்க தாத்தா? மாட்டுத் தோலில் மட்டுந்தான் பறை செய்ய முடியுமா? தோலை ஏன் நாம மட்டும் உரிக்கிறோம்? தாத்தா ஏன் கோயிலுக்கு வெளியவே நின்னு அடிக்கிறாரு?

முதல் கேள்விக்குப் பதில் எளிது: டிரம்மில் இருப்பது பிளாஸ்டிக் தோல், அது ஈரம் குடிக்காது. மூன்றாவது வரைக்கும் தாத்தாவே சொல்லிவிட்டார். நான்காவதில் மெளனமானார். ஐந்தாவதில் எழுந்து போய்விட்டார்.

இந்த இடத்தைத்தான் நாங்கள் இன்று வரைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். பையனைப் பொறுத்தவரை முதல் கேள்விக்கும் ஐந்தாவதுக்கும் வேறுபாடு இல்லை. பறை அவன் கையில் இருக்கும் ஒரு பொருள். அதன் தோல், நெருப்பு, சத்தம், அதை அடிக்கும் ஆள், ஆள் நிற்கும் இடம் எல்லாமே அவனுக்கு ஒரே உலகம். ‘இதுவரைக்கும் அறிவியல், இதற்குமேல் சாதி, இங்கே நிறுத்திக்கொள்’ என்ற கோடு அவனுக்குத் தெரியாது. கோட்டைப் போடுவது பெரியவர்கள். ஐந்தாவது கேள்வி வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் வகுப்பறை முதல் கேள்வியையே உட்கார வைக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அறிவியல் வரவில்லை, ஆர்வம் இல்லை என்கிறார்களே, அந்த ஆர்வம் போன வழி இது.

பள்ளியில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்தது ஒன்று உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐயவினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. விடை தெரிந்தவர் கேட்பது அறிவினா. தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று குழம்பிக் கேட்பது ஐயவினா. தேர்வுக்காகப் படித்து மறந்துவிட்டோம். ஆனால் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து யார் எந்த வினாவைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். வகுப்பில் ஒலிப்பது முழுக்க அறிவினா. தமிழ்நாட்டின் தலைநகர் எது, ஏழெட்டு எத்தனை. கேட்பவருக்கு விடை தெரியும், பிள்ளைக்குத் தெரியுமா என்பதுதான் சோதனை. கற்றலுக்கு விதையான அறியா வினாவும் ஐயவினாவும் பிள்ளைகளிடம் இருக்கின்றன. அவற்றுக்குப் பாடவேளை கிடையாது.

நன்னூலில் இல்லாத ஏழாவது வினா ஒன்றும் இருக்கிறது. எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? உங்கப்பா என்ன வேலை பாக்குறாரு? உங்க குலசாமி எது? கேட்பவருக்கு ஊரும் வேண்டாம், சாமியும் வேண்டாம். நம் பிள்ளைகள் முதன்முதலில் பள்ளியில் சந்திப்பது இந்த வினாவைத்தான். உதவித்தொகைக்காக “எஸ்.சி. பிள்ளைங்கல்லாம் எந்திரிங்க” என்று சொல்லும்போதும் இதே வினாதான், கொஞ்சம் உரக்க.

1901ஆம் ஆண்டு, ஒன்பது வயது பீமாராவ் அண்ணனோடும் அக்கா மகனோடும் கோரேகானில் வேலை பார்த்த தந்தையைப் பார்க்க ரயிலேறினான். மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். அழைத்துப்போக யாரும் வரவில்லை. நல்ல உடை உடுத்தியிருந்த பிள்ளைகளைப் பார்த்து நிலைய அதிகாரி பரிவோடுதான் வந்தார், யார் நீங்கள் என்று கேட்டார். ‘மகர்’ என்று பிள்ளைகள் உண்மையைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. அண்ணல் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். உலகத்தைப் பார்க்கக் கிளம்பிய பிள்ளையை நோக்கி உலகம் கேட்ட முதல் கேள்வி அது. நம் பக்கத்தில் இரட்டைமலை சீனிவாசன் தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் சொல்வதும் இதன் மறுபக்கமே. கோயம்புத்தூரில் படித்தபோது, தன் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி யாரோடும் சிநேகம் கொள்ளாமல், பள்ளிக்கு வெளியிலேயே இருந்து படித்துவிட்டு மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். பேசினால் தன்னைப் பற்றிக் கேட்பார்கள் என்று தெரிந்த பிள்ளை, தான் கேட்பதற்கும் வாய் திறக்காது.

சரி, பிள்ளைகள் உண்மையில் எப்படிக் கேட்கிறார்கள்? இதை ஆராய்ந்தவர்கள் உண்டு. ஜெனிவாவில் ழான் பியாஜே 1923இல் வெளியிட்ட நூலில், ஆறு வயதைக் கடந்த ஒரே ஒரு பையன் சில மாதங்களில் கேட்ட 1,125 கேள்விகளை எடுத்துவைத்துப் பிரித்துப் பார்த்தார். நம் தோழரின் நோட்டும் அதே வேலைதான், ஜெனிவா என்ற பெயர் மட்டும் இல்லை.

எங்களுக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது பார்பரா டிசார்டும் மார்ட்டின் ஹியூஸும் இங்கிலாந்தில் செய்து 1984இல் நூலாக வெளியிட்ட ஆய்வு. நான்கு வயதுச் சிறுமிகள் 30 பேர். பாதிப்பேர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், பாதிப்பேர் நடுத்தர வர்க்கம். ஒவ்வொரு சிறுமியின் பேச்சையும் வீட்டில் அம்மாவோடு இருக்கும்போதும் மழலைப் பள்ளியில் இருக்கும்போதும் பதிவு செய்தார்கள். வீட்டில் மணிக்குச் சராசரியாக 26 கேள்வி. அதே சிறுமிகள் பள்ளியில் மணிக்கு 2. தொழிலாளர் வீடுகளில் பேச்சு வளம் இல்லை, அம்மாக்களுக்குப் பிள்ளைகளோடு பேசத் தெரியாது, பள்ளிதான் ஈடு செய்ய வேண்டும் என்பது அன்றைக்கு அங்கே நிலவிய கருத்து. பதிவுகள் அதைப் பொய்யாக்கின. ஒரு தொழிலாளர் வீட்டுச் சிறுமி, ஜன்னல் துடைக்க வந்தவருக்கு யார் காசு கொடுக்கிறார்கள், ஏன் கொடுக்க வேண்டும் என்று அம்மாவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டு, கூலி என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள முயலும் இடம் அதில் வருகிறது. பொருளாதாரத்தின் முதல் பாடம் அடுப்படியில் நடந்திருக்கிறது.

அது இங்கிலாந்து, நம் அம்மாக்கள் விடிந்தால் நூறு நாள் வேலைக்கோ முந்திரிக் காட்டுக்கோ போய்விடுகிறவர்கள் என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஆயா இருக்கிறாள், அக்கா இருக்கிறாள், ஆடு மேய்க்கும்போது கூட வரும் பெரியப்பா மகன் இருக்கிறான். நோட்டில் உள்ள கேள்விகளில் பல அங்கே பிறந்தவை. தைல மரத்துக்குக் கீழ ஏன் புல்லு மொளைக்கல? விராலிமலையில மட்டும் ஏன் அத்தனை மயிலு? கல்லுக் குவாரியில வெட்டு வைக்கிறப்ப மொதல்ல அதிருதா, மொதல்ல சத்தம் வருதா? 2018 நவம்பரில் கஜா புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட பிறகு ஒரு சிறுமி கேட்டது இன்னும் மறக்கவில்லை: “எல்லா மரமும் ஒரே பக்கமாத்தான விழுந்துருக்கணும், ஏன் வேற வேற பக்கமா விழுந்து கெடக்கு?” காற்று சுழன்று வந்தது, புயலின் மையம் கடந்ததும் திசை மாறியது என்பதற்கு அவள் கண்ணெதிரில் கிடந்த பலா மரங்களே சாட்சி. வானிலைப் பாடத்தை அவள் மரத்திலிருந்து தொடங்கிவிட்டாள். ‘சேரிப் பிள்ளைகளுக்குக் கேட்கத் தெரியாது’ என்று யாராவது சொன்னால் அந்தப் பலா மரங்களைக் காட்டலாம்.

இன்னொரு ஆய்வு. பிரேசியர், கெல்மன், வெல்மன் என்ற மூவர் 2009இல் வெளியிட்டது. ‘ஏன்’, ‘எப்படி’ என்று பிள்ளைகள் கேட்பது சும்மா பேச்சை வளர்ப்பதற்கா, விளக்கம் வேண்டியா என்று பார்த்தார்கள். விளக்கம் கிடைத்தால் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டார்கள், அல்லது அதிலிருந்து அடுத்த கேள்விக்குப் போனார்கள். மழுப்பலான பதில் வந்தால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள், அல்லது தாங்களே ஒரு விளக்கத்தைக் கட்டிக்கொண்டார்கள். பறையைப் பற்றிக் கேட்ட பையன் மாலையில் அதையே ஏன் திரும்பக் கேட்டான் என்பது இப்போது புரியும். பள்ளியில் கிடைத்தது பதில் அல்ல என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் கடைசியில் சொன்னது நமக்கு ஆபத்தானது. பதில் வராத இடத்தில் பிள்ளை தானே ஒரு பதிலைக் கட்டிக்கொள்ளும். ‘தாத்தா ஏன் வெளியவே நிக்கிறாரு’ என்பதற்கு யாரும் எதுவும் சொல்லாவிட்டால், ‘தாத்தாவிடம் ஏதோ குறை இருக்கிறது’ என்பதுதான் எட்டு வயதில் கைக்கெட்டும் விளக்கம்.

1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ நூலில் ஓர் இடம் உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளி விட்டு வரும் சிறுமி, தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி கொண்டுபோய்க் கொடுப்பதைப் பார்த்துச் சிரிக்கிறாள். வீட்டில் அண்ணனிடம் வேடிக்கையாகச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. ஏன் அப்படித் தூக்கிக்கொண்டு போனார் என்று விளக்குகிறார். அந்தச் சிறுமிக்கு ஒரு விளக்கம் கிடைத்தது, கோபம் வந்தது, பின்னாளில் புத்தகம் வந்தது. ஓம்பிரகாஷ் வால்மீகிக்கு நடந்தது வேறு. ‘ஜூட்டன்’ நூலில் எழுதுகிறார்: துரோணர் வறுமையால் மகன் அசுவத்தாமனுக்குப் பாலென்று மாவு கரைத்த நீரைக் கொடுத்த கதையை ஆசிரியர் உருக்கமாகச் சொல்கிறார். பையன் எழுந்து, நாங்கள் சோறு வடித்த கஞ்சியைத்தான் குடிக்கிறோம், எங்களைப் பற்றி ஏன் எந்தக் காவியத்திலும் இல்லை என்று கேட்டுவிடுகிறான். முதுகில் பிரம்படி. இலக்கிய வகுப்பில் கேட்கக்கூடிய மிக உயர்ந்த கேள்வி அதுவென்று இப்போது பல்கலைக்கழகங்களில் கருத்தரங்கு நடத்துகிறார்கள்.

மற்றவர்களைச் சொன்னோம், நம்மையும் சொல்ல வேண்டும். எங்கள் திண்ணையில் அண்ணலின் படம் மாட்டியிருக்கிறது. ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அவரு ஏன் கோட்டுப் போட்டுருக்காரு, வேர்க்காதா?” என்றாள். எங்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. உடுப்பின் அரசியல், காந்தியின் அரையாடை, கொலம்பியா, லண்டன் என்று அரை மணி நேரம் பேசினோம். அவள் பாதியிலேயே வாசலில் போன கோழியைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்டது வேர்வையைப் பற்றி. ‘வேர்க்கத்தான் செய்யும், இருந்தாலும் போட்டுக்கிட்டாரு’ என்று சொல்லி நிறுத்தியிருந்தால், ‘ஏன்?’ என்று அவளே அடுத்து வந்திருப்பாள். ஆசிரியர் பதில் சொல்லாமல் கேள்வியைக் கொன்றார், நாங்கள் பதில் சொல்லியே கொன்றோம். மேடையில் பேசிப் பழகியவர்களுக்கு இது அடிக்கடி நேரும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் நம் வீடுகள் இன்னும் மோசம். “பொட்டச்சிக்கு என்ன கேள்வி” என்பது ஊர்த்தெருவிலிருந்து மட்டும் வருகிற குரல் அல்ல.

கேள்விக்கு இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை இந்த மாவட்டம் ஒரு முறை பார்த்திருக்கிறது. 1991-92இல் நடந்த அறிவொளி இயக்கம். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், அறிவியல் இயக்கத் தொண்டர்கள், ஆயிரக்கணக்கான கிராமத்து இளைஞர்கள். எழுத்துக் கற்க வந்த பெண்கள் சைக்கிள் கற்றதை உலகமே எழுதியது, பி. சாய்நாத் உட்பட. குவாரியில் கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குத்தகை எடுத்ததும் அதே காலத்தில்தான். இதை அதிகம் பேர் எழுதவில்லை. தோழர் சொல்வார்: அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த பெண்கள் ‘அ’வை எழுதுவதற்கு முன்பே கேள்வி கேட்டார்கள், ரசீதுல என்ன எழுதிருக்கு, ஒரு லோடுக்கு எவ்வளவுன்னு போட்டுருக்கு என்று. எழுத்து அந்தக் கேள்விக்குப் பின்னால் வந்தது. சிறு பிள்ளைகளுக்கும் அவர் அதே வரிசையைத்தான் வைத்துக்கொண்டார்.

பள்ளிக்கல்வியிலும் முயற்சிகள் நடக்காமலில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007-08இல் தமிழ்நாடு முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார், சுவரில் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. நம் பிள்ளைக்கு ஊர்ப்பிள்ளையோடு ஒரே பாய் கிடைத்தது சாதாரண விஷயமல்ல. ஆனால் அட்டைதான் கேட்டது, பிள்ளை பதில் சொன்னது. அறிவினா ஆசிரியர் வாயிலிருந்து அட்டைக்கு இடம் மாறியது என்பதே எங்கள் மதிப்பீடு. சட்டம் இன்னும் தெளிவாகவே பேசுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 29ஆம் பிரிவில், பிள்ளை அச்சமும் பதற்றமும் இன்றித் தன் கருத்தைத் தாராளமாகச் சொல்லப் பள்ளி உதவ வேண்டும் என்கிறது. 17ஆம் பிரிவு அடியையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மாணவ நண்பர்கள் இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பயன்படும்.

இனி வேங்கைவயல். தவிர்க்க முடியாது.

2022 டிசம்பர் கடைசியில் முத்துக்காடு ஊராட்சி வேங்கைவயலில் பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக வந்தது. மருத்துவமனையில் சந்தேகப்பட்டுத் தண்ணீரைப் பார்க்கச் சொன்னார்கள். 26ஆம் தேதி மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது மலம் கிடந்தது. 10,000 லிட்டர் தொட்டி. மறுநாள் ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேவும் போனபோது, தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையும் அய்யனார் கோயிலில் நுழைய முடியாத நிலையும் வெளியே வந்தன. பிறகு சி.பி.சி.ஐ.டி., நீதிபதி சத்தியநாராயணன் ஆணையம், மரபணுச் சோதனை. 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகை அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த மூவரையே குற்றவாளிகளாகக் காட்டியது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை, நாங்களும் ஏற்கவில்லை. குடித்தவர்களே தங்கள் தண்ணீரில் கலந்தார்கள் என்று நம்பச் சொல்கிறார்கள்.

எங்கள் படிப்பகம் இருப்பது வேறொரு ஒன்றியத்தில். அந்த வாரம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். நோட்டில் மூன்று பக்கம் அன்றைக்கே நிரம்பியது. யாரு போட்டாங்க? ஏன் போட்டாங்க? அவங்களுக்கும் எங்க வயசுல பிள்ளைங்க இருக்காதா? பாக்குறதுக்குத் தண்ணி எப்படி இருந்துச்சு, மொதல்ல குடிக்கிறப்பவே தெரியாதா? நம்ம தொட்டியில ஏறிப் பாக்கலாமா?

பெரியவர்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஒருவர், சின்னப் பிள்ளைகளிடம் இதைப் பேச வேண்டாம் என்றார். இன்னொருவர், இதைவிட எப்போது பேசுவது என்றார். கோட்டு விஷயத்தில் பட்ட அடி நினைவிருந்ததால் உரை நிகழ்த்தவில்லை. தெரிந்ததைச் சொன்னோம். யார் என்பதற்கு ‘தெரியல’ என்றோம். ஏன் என்பதற்கு, நாம் நல்ல தண்ணி குடிப்பது பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள் என்றோம். ‘ஏன் பிடிக்கல?’ என்று உடனே வந்தது. அதற்கும் மழுப்பாமல் சொன்னோம், சாதி என்ற சொல்லைச் சொல்லியே. தப்பு யாரிடம் இருக்கிறது என்பதைப் பிள்ளை தானாகக் கட்டிக்கொள்ள விடக்கூடாது என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து.

குடிக்கும்போதே தெரியாதா என்ற கேள்விக்கு ஒரு வாரம் ஆனது. பெரிய தொட்டியில் கொஞ்சம் அழுக்கு கரைந்தால் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமல் போகலாம், கிருமிக்கு அந்தக் கொஞ்சமே போதும். ஒரு குடம் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு, பிறகு இரண்டு, மூன்று என்று போட்டு எந்தச் சிட்டிகையில் நாக்குக்குத் தெரிகிறது என்று பார்த்தார்கள். அதிலிருந்து தொட்டிக் கணக்குக்குப் போனார்கள். 10,000 லிட்டர் எத்தனை குடம்? எத்தனை பேர் குடிக்கலாம்? கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர் என்பது அரசின் பழைய அளவு. 2019இல் வந்த ஜல் ஜீவன் திட்டம் அதை 55 ஆக்கியது. 40 என்றால் 250 பேர், 55 என்றால் 181 பேர், கொஞ்சம் மீதி. வகுத்தல் வராது என்று பள்ளியில் உட்கார வைக்கப்பட்டிருந்த ஐந்தாம் வகுப்புப் பெண்தான் அந்த மீதியைக் கண்டுபிடித்தாள். மீதித் தண்ணீர் யாருக்கு என்றும் கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் தெருத் தொட்டியைச் சுற்றி வந்து உயரத்தையும் சுற்றளவையும் நிழலை வைத்தும் கயிற்றை வைத்தும் அளந்தார்கள். வீடுவீடாகத் தலை எண்ணினார்கள். ஊர்த்தெருத் தொட்டியையும் அளக்க வேண்டும் என்றான் ஒருவன். அங்கே போகலாமா கூடாதா என்று நாங்கள் தயங்கியபோது, “பஞ்சாயத்து ஆபீசுல எழுதி வச்சிருப்பாங்கள்ல, கேக்கலாம்” என்றாள் மீதி கண்டுபிடித்தவள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு தொட்டிகளின் கொள்ளளவு என்ன, எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுகிறீர்கள், மூடிக்குப் பூட்டு உண்டா, சாவி யாரிடம் என்று நான்கு கேள்வி எழுதினார்கள். பெயருக்குக் கீழே வகுப்பையும் போட்டார்கள்.

திங்கள்கிழமை பள்ளி விட்டதும் போனார்கள். நாங்கள் இரண்டு பேர் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்றோம். உள்ளே இருந்தவர், செயலர் வெளியே போயிருக்கிறார், எப்போது வருவாரென்று தெரியாது என்றார். பிறகு அவர்களைப் பார்த்து, “நீங்கல்லாம் எந்தத் தெருப் பிள்ளைங்க?” என்று கேட்டார்.

“அந்தத் தொட்டித் தெரு சார்” என்றாள் அவள், நோட்டிலிருந்த படத்தைக் காட்டி. பிறகு செயலர் வரும்வரை இருக்கிறோம் என்று எல்லோரும் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள்.